ஐந்தாவது சக்கரத்தின் முறை

அப்பாவின் அம்பாசிடரில் ஐந்து சக்கரங்களுக்கும் எண் உண்டு. ரிம்மின் உள்பக்கம், வெளியே தெரியாத இடத்தில், மஞ்சள் பெயிண்டில் அவரே எழுதிய 1, 2, 3, 4, 5. பொள்ளாச்சி டாக்சி ஸ்டாண்டில் அப்போது நின்ற வண்டிகளில் வேறெதற்கும் இந்த அடையாளம் கிடையாது. "ஏனுங்ணா, டயருக்கெல்லாம் ரோல் நம்பரு போட்டு வெச்சிருக்கீங்க, தெனமும் அட்டெண்டன்ஸ் எடுப்பீங்களோ?" என்று மற்ற டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். தினமும் இல்லையே தவிர, எடுக்கத்தான் செய்தார். பெட்ரோல் பங்கில் புத்தாண்டுக்குக் கொடுக்கும் டைரியின் கடைசிப் பக்கங்களில் அதற்கென்று கட்டம் போட்டிருந்தார். தேதி, கிலோமீட்டர், எந்த எண் எந்த மூலையில் என்று வரிசையாக இருக்கும். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'டிக்கி'.

1980களின் நடுப்பகுதி அது. வண்டி மார்க் 4, டீசல். டயர் 5.90-15 அளவில் நைலான் டயர், உள்ளே டியூப். இரவு முழுக்க நின்ற நைலான் டயர் தரையைத் தொட்ட இடத்தில் லேசாகத் தட்டையாகிவிடும். காலையில் கொஞ்ச தூரத்துக்கு வண்டி தடதடவென்று போகும், சூடேறிய பிறகுதான் சமனாகும். என்னைப் பள்ளியில் இறக்கிவிடும் நாட்களில் அந்தத் தடதடப்பு அடங்குவதற்குள் பள்ளிக்கூடம் வந்துவிடும்.

டயர் மாற்றிப் போடுவது என்றால் ஸ்டாண்டில் மற்றவர்களுக்கு நாலு டயர்தான். அதுவும் முன்னால் ஒரு பக்கமாகத் தின்றுவிட்டால் பின்னால் போடுவார்கள். பின்னால் பட்டன் போய்விட்டால் முன்னால் கொண்டுவருவார்கள். ஸ்டெப்னியைப் பஞ்சர் ஆனால் எடுப்பார்கள், பஞ்சர் ஒட்டியதும் பழையபடி உள்ளே வைப்பார்கள். அப்பாவுக்கு அது ஒப்பாது. ஐந்தும் ஒரே விலை கொடுத்து வாங்கியது, ஐந்தும் ஓட வேண்டும் என்பார். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அதை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டு வாசலில் அந்த வேலை நடக்கும்.

அவருடைய வரிசை இது. பின் இடது டயர் நேராக முன் இடதுக்கு. முன் இடது குறுக்கே பின் வலதுக்கு. பின் வலது நேராக முன் வலதுக்கு. முன் வலது டிக்கிக்குப் போய் ஓய்வெடுக்கும். டிக்கியில் இருந்தது பின் இடதுக்கு இறங்கும். இப்படி ஐந்து தடவை மாற்றினால் ஒவ்வொரு டயரும் ஐந்து இடத்திலும் ஒவ்வொரு முறை இருந்துவிட்டு, கிளம்பின இடத்துக்கே வந்து சேரும். 25,000 கிலோமீட்டர் வண்டி ஓடியிருக்கும், ஆனால் எந்த டயரும் 20,000த்துக்கு மேல் ஓடியிருக்காது.

இதில் ஒரு சூட்சுமம் இருப்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. வண்டியோடு வருவது ஒரே ஜாக்கி. வெறும் நாலு டயரை மட்டும் இடம் மாற்றப் பார்த்தால், ஒரு மூலையைத் தூக்கிக் கழற்றினதும் அங்கே போட வேண்டிய டயர் வேறொரு மூலையில் மாட்டிக்கொண்டு நிற்கும். செங்கல், மரக்கட்டை என்று முட்டுக் கொடுத்துப் போராட வேண்டும். ஸ்டெப்னி வரிசைக்குள் வந்துவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை. பின் இடதைத் தூக்கிக் கழற்றி அங்கே ஸ்டெப்னியைப் போட்டு இறக்கலாம். கழற்றியதை உருட்டிக்கொண்டு போய் முன் இடதில் போடலாம். அங்கே கழற்றியதை வண்டியைச் சுற்றிக் கொண்டுபோய்ப் பின் வலதில், அங்கிருந்து வந்ததை முன் வலதில். கடைசியாகக் கையில் மிஞ்சுவது டிக்கிக்கு. ஒவ்வொரு மூலையையும் ஒரே தடவை தூக்கினால் போதும், முட்டுக்கட்டை வேண்டாம். பத்தாம் வகுப்பைத் தாண்டாத மனிதர் இதை யாரிடம் கற்றார் என்று தெரியாது. கேட்டபோது "யோசிச்சா வருமில்ல" என்றார்.

எனக்கு நட்டு உத்தியோகம். வண்டி தரையில் நிற்கும்போதே அப்பா நட்டுகளை அரைத் திருப்பு தளர்த்திவிடுவார். தூக்கிய பிறகு நெம்பினால் ஜாக்கி சரியும். எதிர்மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைப்பேன். நட்டு ஒவ்வொன்றாக வெளியே வர, கழற்றிய வீல் கப்பை மல்லாத்தி அதற்குள் போட்டுக்கொள்வேன்; மண்ணில் ஒன்று விழுந்தாலும் திட்டு விழும். திரும்பப் பூட்டும்போது பக்கத்து நட்டை முறுக்கவே கூடாது, ஒன்றை விட்டு எதிரே போக வேண்டும். கையால் முடிந்தவரை முறுக்கி, வண்டியை இறக்கி, அதற்கப்புறம்தான் ஸ்பானரில் கடைசி அழுத்தம். மறுநாள் முதல் சவாரி முடிந்து வந்ததும் திரும்பவும் ஒருமுறை எல்லா நட்டையும் தொட்டுப் பார்ப்பார். அந்த இரண்டாம் சோதனையை இன்று எந்தக் கடையிலும் யாரும் செய்வதாகத் தெரியவில்லை. பில்லில் வேண்டுமானால் 'மறுபடி முறுக்கிப் பார்க்கவும்' என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள்.

டயர் கழன்று கிடக்கும்போது தீக்குச்சிப் பரிசோதனை நடக்கும். பட்டன்களுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தில் தீக்குச்சியை நட்டு, மேல்மட்டத்துக்கு நேராகக் கட்டைவிரல் நகத்தால் கீறி, அந்தக் குச்சியை டைரியின் ஓரத்தில் வைத்துக் கோடு இழுப்பார். ஒரு டயருக்கு மூன்று இடம்: உள் ஓரம், நடு, வெளி ஓரம். மூன்று கோடும் ஒரே நீளம் என்றால் முகத்தில் திருப்தி தெரியும். நடுக்கோடு குட்டையாக இருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் குட்டை என்றால் காற்று குறைவு. ஒரே ஒரு ஓரம் மட்டும் குட்டை என்றால் அலைன்மென்ட், உடனே பணம் செலவாகும். இப்போது டயரின் பள்ளத்துக்குள்ளேயே 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சின்ன மேடு வைத்துத் தருகிறார்கள், தேய்மானம் அதைத் தொட்டால் டயர் முடிந்தது. அப்பாவின் கோடுகள் அதைவிட அதிகம் சொல்லும். எது முடியப்போகிறது என்பதோடு ஏன் என்பதும் அதில் இருந்தது.

எங்கள் ஊர் வண்டிகளுக்குத் தேய்மானம் சமமாக வரவே வராது. சவாரி பாதி வால்பாறைக்கு. ஆழியாறு தாண்டியதும் தொடங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது பின் சக்கரம் மண்ணைப் பிறாண்டி இழுக்கும். இறங்கும்போது முன் சக்கரங்கள் பாரம் முழுவதையும் தாங்கிக்கொண்டு ஓரத்தில் தேயும். மீதி சவாரி சினிமா ஷூட்டிங் கம்பெனிகளுக்கு. தோப்பு வரப்பு, ஆற்று மணல், வாய்க்கால் மேடு என்று டயருக்குச் சொந்தமில்லாத இடமெல்லாம் போகும். ஒரே மூலையில் கிடந்த டயர் அந்த மூலையின் கெட்ட பழக்கத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். அதனால்தான் சுற்ற விடுகிறோம். இதுவரை ஸ்டாண்டில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சண்டை ஐந்தாவது டயரைப் பற்றித்தான்.

அவர்கள் தரப்பிலும் நியாயம் இருந்தது. பழைய வண்டி வாங்க வரும் புரோக்கர், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே டிக்கியைத் திறப்பார். ஸ்டெப்னி கம்பெனியில் இருந்து வந்த மாதிரியே, புது டயரின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முள்கூட உதிராமல் இருந்தால், "வண்டி அதிகம் ஓடலீங்க" என்பதற்கு அது சாட்சி. விலையில் அது பேசும். அப்பாவின் டிக்கியைத் திறந்தால் அங்கேயும் பாதி தேய்ந்த டயர்தான் கிடக்கும். "அஞ்சும் மொட்டையாக்கி வெச்சுட்டீங்களே, அவசரத்துக்கு என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்பார்கள். பாதி பட்டன் இருக்கும் டயர் அவசரத்துக்குத் தாராளமாகப் போதும் என்பது அப்பாவின் பதில். அது யாருடைய காதிலும் ஏறவில்லை.

அம்மாதான் வேறொரு வழியில் அதைச் சொன்னாள். பீரோவில் மடித்தபடியே வைத்த பட்டுப்புடவை கட்டாமலே மடிப்பில் கிழியும் என்று, வருஷத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்து உதறி, மடிப்பை மாற்றி வைப்பவள் அவள். "உங்கப்பா ஸ்டெப்னிக்குப் பண்றதும் அதுதான், இதுக்கு எதுக்கு ஊரே சிரிக்குது?" என்றாள்.

ஒரு கோடை விடுமுறையில் வால்பாறையில் சவாரியை இறக்கிவிட்டு, அப்பாவும் நானும் வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ அருகில், ஸ்டாண்டில் எங்களுக்கு அடுத்து நிற்கும் அண்ணனின் அம்பாசிடர் ஓரங்கட்டி நின்றது. கல்யாணத்துக்குப் போகும் குடும்பம் மதில்மேல் உட்கார்ந்து ஆழியாறு அணையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின் டயர் பஞ்சர். அவர் ஸ்டெப்னியை மாட்டி ஜாக்கியை இறக்கியிருந்தார். இறக்கியதும் ஸ்டெப்னி பாதிக்கு மேல் அமுங்கிவிட்டது. டிக்கிக்குள் கிடந்த டயருக்குக் காற்று பார்த்து எத்தனை மாதமோ, வருஷமோ. கைப்பம்பு போட்டு மூச்சு வாங்க அடித்தார். நான் அந்த டயரின் பக்கவாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரப்பர் முள் அத்தனையும் அப்படியே நிமிர்ந்து நின்றது. அதற்குக் கீழே, ரிம்மை ஒட்டி, வட்டமாக மயிரிழை வெடிப்புகள். காற்று ஏற ஏற ஒவ்வொன்றும் வாய் திறந்தது. ஓரிடத்தில் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைப்பு கிளம்பியது.

"போதும், நிறுத்துங்க" என்று அப்பா அவர் கையைப் பிடித்தார். எங்கள் டிக்கியில் அப்போது இருந்தது 3ஆம் எண். அம்பாசிடருக்கு அம்பாசிடர் ரிம் அப்படியே பொருந்தும் என்பது அந்தக் காலத்தின் பெரிய வசதி. ஸ்டாண்டில் ஸ்டெப்னியைக் கைமாற்றாக வாங்குவது பணம் வாங்குவதைவிட எளிது. திரும்ப வரும்போது நம்முடையதுதானா என்பதில்தான் தகராறு வரும். எங்களுடையதில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. இரண்டு நாள் கழித்து 3ஆம் எண் வந்து சேர்ந்தது, ஒரு சீப்பு நேந்திரம் பழத்தோடு.

அந்தப் புடைத்த டயரைப் பஞ்சர் கடையில் பிரித்தபோதும் நான் போயிருந்தேன். கடைக்காரர் பாலக்காட்டுக்காரர், ஊருக்கே சேட்டன். லிவரைப் போட்டு நெம்பி டியூபை உருவினார். டியூப் மடங்கிய இடங்களில் டயரோடு ஒட்டிக்கொண்டு, உரித்தபோது பொருக்குப் பொருக்காக வந்தது. டயரின் ஓரத்தை இரண்டு கையாலும் விரித்து, அண்ணனிடம் காட்டிச் சொன்னார்: "ரப்பர் நடக்கணும் கேட்டோ. நடந்தா உள்ள இருக்கிற மெழுகு வெளிய வரும். சும்மா கெடந்தா வராது."

அவர் எந்தப் புத்தகத்திலும் படித்துச் சொன்னதல்ல அது. நான் பிற்பாடு படித்தபோது அப்படியே சரியாக இருந்தது. டயர் ரப்பரில் மெழுகையும், காற்றிலுள்ள ஓசோனைத் தடுக்கும் வேதிப்பொருட்களையும் கலந்தே வார்க்கிறார்கள். டயர் உருண்டு நெளிய நெளிய அவை மேற்பரப்புக்கு ஊறிவந்து மெல்லிய படலமாக நிற்கும். நெளியாத டயரில் அந்த ஊற்று மந்தமாகிவிடும். டிக்கிக்குள் வெயில் படாது என்பது உண்மைதான், ஆனால் வெக்கை உண்டு. காற்றடைத்த டயரின் ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இழுபட்டுக்கொண்டேதான் இருக்கிறது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் காற்றின் ஆக்சிஜன் ரப்பருக்குள் மெல்ல ஊடுருவி அதை இறுக்கிக்கொண்டே போகிறது. அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை, வெயிலுக்குப் பேர்போன அரிசோனாவின் பீனிக்ஸ் நகரத்து டயர்களை எடுத்து அறுத்துப் பார்த்தது. அதில் ஸ்டெப்னியாகவே கிடந்த முழு அளவு டயர்களும் உள்ளுக்குள் முதுமை தட்டியிருந்தன. கார் கம்பெனிகளில் சில 6 ஆண்டோடு டயரை மாற்றச் சொல்கின்றன, டயர் கம்பெனிகள் பலவும் 10 ஆண்டை எல்லையாக வைத்திருக்கின்றன. இரண்டு கணக்கிலும் ஸ்டெப்னிக்கு விலக்குக் கிடையாது.

வயது தெரிந்துகொள்ள இப்போது வழி சுலபம். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 1419 என்றால் 2019இன் 14ஆவது வாரத்தில் வார்த்தது. யாராவது பழைய கார் வாங்கப்போகும்போது என்னைத் துணைக்கு அழைத்தால் நான் முதலில் டிக்கிக்குத்தான் போவேன், அந்தக் காலத்துப் புரோக்கரைப் போலவே. அவர் தேடியது ரப்பர் முள், நான் தேடுவது இந்த நாலு இலக்கம்.

ஸ்டெப்னியையும் சேர்த்துச் சுற்றினால் காசு மிச்சம் என்று சொல்பவர்கள் உண்டு. அதை நான் முழுதாக ஒப்புக்கொள்வதில்லை. ஒரு டயர் 30,000 கிலோமீட்டர் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். நாலை மட்டும் ஓட்டினால் 30,000த்தில் நாலும் முடியும். ஐந்தைச் சுற்றினால் 37,500 வரை போகும், ஆனால் அப்போது ஐந்தும் முடிந்திருக்கும். ரப்பர் அதே ரப்பர்தான், கூட ஒரு கிலோமீட்டர்கூட வரவில்லை. கிடைக்கும் லாபம் வேறு. ஓடாமலே பழசாகித் தூக்கிப்போட இருந்த டயரின் விலை ஓட்டத்தில் கழிகிறது. பஞ்சர் ஆகி ஸ்டெப்னி ஏறினால், பக்கத்து டயரும் அதுவும் ஒரே உயரத்தில் இருக்கும். பாதி தேய்ந்ததும் புத்தம் புதியதும் ஒரே அச்சில் ஜோடி சேர்ந்தால் சின்னச் சக்கரம் கூடுதலாகச் சுற்ற வேண்டும், நேர் ரோட்டில்கூட டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைக்கும். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டிகளில் இந்த வித்தியாசம் இன்னும் மோசம், முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே இருக்கும் பல்சக்கரப் பெட்டியே சூடாகிக் கெடும். அந்த வண்டி வைத்திருப்பவர்கள்தான் முதலில் ஐந்தையும் சுற்ற வேண்டும். ஆனால் என் அனுபவத்தில் அவர்கள்தான் ஸ்டெப்னிக்கு அழகாக உறை தைத்துப் போட்டு வைக்கிறார்கள்.

இதன் சங்கடமும் பெரிது. ஐந்தும் ஒன்றாகத் தேய்ந்தால் ஐந்தையும் ஒன்றாக வாங்க வேண்டும். ஸ்டாண்டில் மற்றவர்கள் ஒரே ஒரு டயர் வாங்கி, ஸ்டெப்னியை எடுத்து அதற்கு ஜோடி சேர்த்து, இரண்டையும் பின்னால் போட்டு இன்னும் ஆறு மாதத்தைத் தள்ளிவிடுவார்கள். ரீட்ரெடிங் டயர் ஒன்றை டிக்கிக்குத் தள்ளுவார்கள். அவர்கள் வண்டியில் ஐந்து டயருக்கு நாலு கம்பெனி இருக்கும். அது கையில் பணம் வரும் விதத்துக்குப் பொருந்திய வழி. அப்பாவுக்கு டயருக்கென்றே தனியாக ஒரு சீட்டு ஓடியது. டைரியில் கோடுகள் குட்டையாகத் தொடங்கியதும் ஏலத்தில் தள்ளிச் சீட்டை எடுப்பார். கோயம்புத்தூரில் இருந்து ஐந்து டயர், ஒரே கம்பெனி, ஒரே பட்டன். அம்மாவின் முகம் அந்த வாரம் முழுக்கச் சரியாக இருக்காது. பட்டுப்புடவை உதாரணம் சொன்னவளும் அவள்தான், "ரெண்டு மட்டும் வாங்குனா என்ன குறைஞ்சா போயிரும்?" என்று கேட்டவளும் அவள்தான்.

ஆயுத பூஜைக்கு எல்லா வண்டியிலும் நாலு சக்கரத்துக்குக் கீழே நாலு எலுமிச்சம்பழம் வைப்பார்கள். அப்பா டிக்கியைத் திறந்து ஸ்டெப்னிக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். நசுக்க முடியாததால் எலுமிச்சம்பழம் மட்டும் அதற்குக் கிடையாது.

நான் கோவையில் வேலைக்கு வந்து, 1990களின் கடைசியில் பழைய மாருதி 800 ஒன்று வாங்கியபோது அப்பா மஞ்சள் பெயிண்ட் டப்பாவோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். எண் எழுதி முடித்த பிறகுதான் சிக்கல். அம்பாசிடரில் பின் சக்கரம் தள்ளும், மாருதியில் முன் சக்கரம் இழுக்கும். எஞ்சின் பாரம், இழுப்பு, திருப்பம், பிரேக்கின் பெரும்பங்கு எல்லாம் முன்னால். தரையில் ஐந்து புளியங்கொட்டையைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம் நகர்த்தி நகர்த்திப் பார்த்து, "எந்தச் சக்கரம் வேலை செய்யுதோ அது நேரா போகணும், சும்மா உருளுற சக்கரம் குறுக்கே போகணும். அங்கயும் அதான், இங்கயும் அதான்" என்றார். அப்படியானால் முன் இடது நேராகப் பின் இடதுக்கு, பின் இடது குறுக்கே முன் வலதுக்கு, முன் வலது டிக்கிக்கு, டிக்கியில் இருப்பது பின் வலதுக்கு, பின் வலது குறுக்கே முன் இடதுக்கு. முன் சக்கர இழுவை வண்டிகளுக்கு டயர் கம்பெனிகள் அச்சிட்டுத் தரும் ஐந்து டயர்ப் படத்தைப் பின்னாளில் பார்த்தேன். அம்புக்குறி அம்புக்குறியாகப் புளியங்கொட்டை போன பாதைதான்.

அந்தப் படம் என் கைக்கு வருவதற்குள் இன்னொரு தடை வந்தது. ரேடியல் டயர் பரவிய காலத்தில், ரேடியலைப் பக்கம் மாற்றவே கூடாது, இடது இடதிலேயே இருக்க வேண்டும், சுழலும் திசை மாறினால் உள்ளிருக்கும் கம்பி அடுக்கு பிரிந்துவிடும் என்ற எச்சரிக்கை எல்லாக் கடையிலும் இருந்தது. அந்த விதியை ஏற்றுக்கொண்டால் ஸ்டெப்னிக்கு இடமே இல்லை, ஏதாவது ஒரு பக்கத்துக்குத்தான் அது சொந்தமாக முடியும். பிறகு டயர் கம்பெனிகளே அந்தக் கட்டுப்பாட்டைக் கைவிட்டன. கம்பெனி விட்டாலும் கடைகள் விட இன்னும் பத்து வருஷம் ஆனது. இன்றும் பக்கம் மாற்றக் கூடாத டயர் உண்டு: பக்கவாட்டில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்டவை. முன்னுக்கு ஒரு அகலம் பின்னுக்கு ஒரு அகலம் என்று வரும் வண்டிகளிலும் இந்தச் சுற்று நடக்காது.

இப்போது வண்டி அலைன்மென்ட் பார்க்கப் போகும்போதெல்லாம் ஒரு சின்ன வாக்குவாதத்துக்குத் தயாராகத்தான் போகிறேன். "டயர் ரொட்டேஷன் பண்ணிடலாமா சார்?" என்று கேட்பார் பையன். "அஞ்சும்" என்பேன். அவர் என்னை ஒருமுறை பார்ப்பார், கம்ப்யூட்டரைப் பார்ப்பார், உள்ளே போய் மேனேஜரைக் கூட்டிவருவார். "ஸ்டெப்னி புதுசா இருக்கே சார், அதை எதுக்குத் தொடணும்?" பேலன்சிங் ஐந்துக்கும் சேர்த்துப் போட வேண்டும், ஸ்டெப்னிக்குக் காற்று மற்றதைவிட மூன்று நாலு பாயிண்ட் கூட வைக்க வேண்டும், வரிசையை நான் எழுதித் தருகிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் பின்னால் இரண்டு வண்டி ஹாரன் அடிக்கும். நாலு அலாய், ஒரு ஸ்டீல் என்று வந்த வண்டியில் அவர்கள் தயங்கினால் அதில் நியாயம் இருக்கிறது. அலாய் ரிம்முக்கும் ஸ்டீல் ரிம்முக்கும் நட்டு உட்காரும் விதமே சில வண்டிகளில் வேறு. டயருக்குள் காற்றைச் சொல்லும் சென்சார் நாலில் மட்டும் இருந்தால், ஐந்தாவது கீழே இறங்கியதும் டேஷ்போர்டில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். என் வண்டியில் இந்த இரண்டு பிரச்சினையும் இல்லை, ஐந்தும் ஒரே ஸ்டீல் ரிம்.

அந்த வண்டிக்கும் வயதாகிவிட்டது. போன வருஷம் மகளோடு புதுக் கார் பார்க்கப் போனோம். ஷோரூம் பையன் திரையைக் காட்டினார், கூரை திறப்பதைக் காட்டினார். நான் டிக்கியைத் திறக்கச் சொன்னேன். கார்ப்பெட்டைத் தூக்கினால் ஒல்லியாக ஒரு டயர், மேலே 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதே என்று மஞ்சள் ஸ்டிக்கர். அதைச் சுற்றில் சேர்க்க வழியே இல்லை. பஞ்சர் கடை வரை போய்ச் சேர மட்டும் அது. அடுத்த மாடலில் அதுவும் இல்லை, ஒரு சின்னக் கம்ப்ரசரும் ஒரு பாட்டில் பசையும் இருந்தன. "2020லேயே கவர்ன்மென்ட் ரூல் வந்துருச்சு சார், டியூப்லெஸ் டயரும் பிரஷர் சென்சாரும் பஞ்சர் கிட்டும் இருந்தா ஸ்டெப்னி கட்டாயமில்ல" என்றார். சரியாகத்தான் சொன்னார், அந்த ஆண்டு அக்டோபர் முதல் அமலுக்கு வந்த விதி அது. எலெக்ட்ரிக் வண்டியில் அந்த இடம் பேட்டரிக்குப் போய்விடுகிறது என்பதையும் சொன்னார்.

"ஆணி ஏறினா பசை அடைக்கும் தம்பி. வால்பாறை ரோட்டுல கல்லு பக்கவாட்டைக் கிழிச்சா?"

"ரோட்சைடு அசிஸ்டன்ஸ் இருக்குது சார். ஒரு போன் போதும்."

"எந்த வளைவுல சிக்னல் கிடைக்கும்னு சொல்லுங்க."

மகள் என் கையை அழுத்தினாள். அவளுக்கு அலாய் வீல் வைத்த மேல் வேரியண்ட் மேல் கண். அதில் ஒல்லி டயர். அதற்குக் கீழ் வேரியண்ட்டில்தான் ஐந்தும் ஒரே அளவு, ஒரே ஸ்டீல் ரிம். கூரை திறக்காது, திரை சின்னது, விலையும் குறைவு. வீட்டுக்குத் திரும்பி இரண்டு நாள் விவாதம் நடந்தது. ஓட்டப்போவது அவள், பணம் பாதி அவளுடையது, ஆகவே முடிவும் அவளுடையதுதான் என்று நான் ஒதுங்கிக்கொண்டேன். மூன்றாம் நாள் அவளே வந்தாள். "போன மாசம் டாப்ஸ்லிப் போனப்ப ஃப்ரெண்டோட கார்ல டயர் கிழிஞ்சுது இல்லப்பா, அந்தச் சின்ன டயர்ல மெதுவா உருட்டிக்கிட்டே வீடு வந்து சேர்ந்தோம். கீழ் வேரியண்ட்டே எடுத்துக்கலாம்" என்றாள். டாப்ஸ்லிப் கதை எனக்கு அன்றுதான் தெரியும்.

புக்கிங் அன்று அதே பையன் சர்வீஸ் விவரங்களை வாசித்தார். முதல் சர்வீஸில் லேபர் இலவசம், டயர் ரொட்டேஷனும் அதில் அடக்கம்.

"அஞ்சும்தானே?" என்று மகள் கேட்டாள்.

"நாலுக்குத்தான் மேடம். அஞ்சாவதுக்குத் தனியா சார்ஜ் வரும்."

"எழுதிக்குங்க" என்றாள்.